உடைந்தது. பொறுப்பு: நான்

பஞ்சு அண்ணன் இறந்து ஐந்தாவது வாரம் இயக்குநர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நினைவுக் கூட்டம் ஒன்று நடத்தப் போகிறோம், பழைய படங்களை வைக்கும் குளிரறைக்கு அவர் பெயரை வைக்கப் போகிறோம், வருகிறவர்கள் கையில் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வேண்டும் என்றார்.

"நீங்கதான் எழுதணும். பதினாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. உங்களைவிட யாருக்கு அவரைத் தெரியும்?"

எங்களுடையது பழைய புகைப்படங்களைப் பாதுகாத்து, கணினியில் ஏற்றி வைக்கிற காப்பகம். பாதுகாப்பது அவர் வேலை, ஏற்றுவது என் வேலை. பஞ்சு அவருடைய பெயரில்லை. ஃபிலிம் வருவதற்கு முன் படம் பதித்த கண்ணாடித் தகடுகளில் எதைத் தொடுவதாக இருந்தாலும் ஈரப் பஞ்சும் கையுமாகத்தான் உட்காருவார். மதியம் சாப்பிட வரும்போதும் சட்டைக் கையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். என்னை அவர் 'எக்ஸ்பிரஸ்' என்பார். நான் ஒரு நாளில் எண்பது படம் முடிப்பேன், அவர் எட்டு. கேலி செய்தால், "எட்டும் பொழைச்சுதா, அதைப் பாரு" என்று சொல்லிவிட்டு ஒன்பதாவதை நாளைக்கு ஒத்திப் போடுவார். வேறு ஊர்க் காப்பகங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அவரிடம் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அவர் கையில் ஒரு தகடு உடைந்தது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

புத்தகத்தில் போட அவருடைய பெரிய வேலையையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த 640 கண்ணாடித் தகடுகள். மணமக்கள், பள்ளிக்கூட வகுப்புகள், பாலம் கட்டியவர்கள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு டாக்டரம்மா. மூன்று வருடம் பிடித்த வேலை. கோப்புறையைத் திறந்து நல்லதாக இருபது படம் பொறுக்கலாம் என்று பார்த்தால், அடியில் எண்ணிக்கை 629 என்று காட்டியது.

தவறாக எண்ணுகிறதோ என்று இன்னொரு தரம் பார்த்தேன். 211-க்கு அடுத்து 223 நின்றது. நடுவில் பதினொன்று இல்லை. அவர் எடுத்துத் தந்ததை ஏற்றினேனே தவிர, நான் எண்களைக் கோத்துப் பார்த்ததே இல்லை.

குளிரறையில் வரவுப் பதிவேடு இருக்கிறது. நீல அட்டை போட்ட தடித்த நோட்டு. எடுத்துப் புரட்டினேன். 212 முதல் 222 வரை அடைப்புக்குறி போட்டு, அவருடைய அச்சடித்தது போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தது: "உடைந்தது. பொறுப்பு: நான்." கீழே கையெழுத்து, தேதி. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

என்னால் நம்ப முடியவில்லை. ஒன்றா இரண்டா, பதினொன்று. அதுவும் வரிசையாக. அவர் கையில்.

சரி, உடைந்தே இருக்கட்டும். உடைந்த தகட்டை நாங்கள் எறிவதில்லை. பொடியானால்கூட உறையில் போட்டு எண் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே அவர்தான். உடைந்தவற்றுக்கென்று தனி அலமாரி இருக்கிறது. அதைத் தட்டுத் தட்டாகத் துழாவினேன். அந்தப் பதினொன்றில் ஒரு சில்லுகூட இல்லை.

உடைந்தால் துண்டு இருக்க வேண்டும். துண்டு இல்லையென்றால் உடையவில்லை. உடையவில்லையென்றால் எங்கே போயின?

ஸ்டோர்காரரிடம் போய்ச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். அவர் எனக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவர். வாசலைத் தாண்டுகிற ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று பெயர்.

"பஞ்சு அண்ணன் எப்பவாவது ஏதாவது வெளியில எடுத்துட்டுப் போனாரா?"

தலையைச் சொறிந்தார். "போயிட்டவரைப் பத்தி என்னத்துக்கு..."

"சும்மா சொல்லுங்க. புத்தகத்துக்குத்தான்."

"ரொம்ப வருஷம் முன்னாடி. ஒரு வாரம் முழுக்க சாயங்காலம் தோள்பையில ஏதோ கனமாத் தூக்கிட்டுப் போனார். பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோட சேத்துப் புடிச்சிருந்தார். என்னண்ணேன்னு கேட்டேன். கண்ணாடின்னார். நான் மூக்குக் கண்ணாடின்னு நினைச்சு, பவர் கூடிடுச்சான்னு கேட்டேன். ஆமான்னுட்டுப் போயிட்டார்."

இதைப் புத்தகத்தில் போட முடியாது.

ஒரு சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் அது தன் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும் போலிருக்கிறது. பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றன. நான் திடீரென்று பின்னால் போய் நின்றால் மேஜை மேலிருந்த காகிதத்தை அவர் கவிழ்த்து வைத்த நாட்கள். கீழ் இழுப்பறைக்கு மட்டும் தனிப் பூட்டு. அதைவிட முக்கியமாக, நான் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத சமயத்தில் ஒரு நாள் குளிரறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது.

"இனிமே குளிரறைப் பக்கம் நீ வர வேணாம். தகடெல்லாம் நானே எடுத்துத் தரேன். நீ ஸ்கேனைப் பாத்துக்கோ."

"ஏண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உனக்குக் குளிர் ஆகாது, தும்முற."

நான் தும்மியதே இல்லை. அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. அவர் தனியாகப் போய்வர ஓர் அறை வேண்டியிருந்திருக்கிறது. அதற்கு என்னை அப்புறப்படுத்தியிருக்கிறார்.

அவரைப் பார்க்க அடிக்கடி வந்த ஒருவரும் நினைவுக்கு வந்தார். தாடிக்காரர் என்போம். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். பழைய புகைப்படங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிற பைத்தியமும் உண்டு. அவரும் பஞ்சு அண்ணனும் வராந்தாவில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். யாராவது வந்தால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

மறுநாள் மதியம் அந்தக் கடைக்குப் போனேன். தாடிக்காரர் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு அண்ணன் உங்ககிட்ட ஏதாவது குடுத்து வெச்சிருந்தாரா?"

"அந்தத் தகடா?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் தகடு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "எந்தத் தகடு?"

"ஒண்ணுமில்லம்மா. பொதுவாச் சொன்னேன்."

"உங்ககிட்ட இருக்கா?"

"என்கிட்ட எதுவும் இல்லை. சத்தியமா இல்லை. அவர் சொல்லாததை நான் சொல்றது மரியாதை இல்ல. அதுவும் உன்கிட்ட." அறுத்த கண்ணாடியைத் துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அதுவும் உன்னிடம். ஏன் என்னிடம் மட்டும்? திரும்பி நடக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார வைத்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று தோன்றியது. அவருக்காக நான் அழுத அழுகையைத் திருப்பி வாங்க முடியுமானால் அன்றைக்கே வாங்கியிருப்பேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டையும் காட்டினேன். இதை நான் மறைக்கவில்லை என்பதற்காக இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. ஒரு திருப்தியும் இருந்தது. எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிதரின் குட்டு என் கையில் உடைகிறது என்கிற திருப்தி.

மேடம் நெற்றியைத் தேய்த்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். நான் விடவில்லை. ஆனால் நாலு மணித் தேநீருக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிப் போடப்பட்டது. அவர் பெயர் எழுதித் தயாராக வந்திருந்த பலகையை யாரோ சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஆபீஸுக்குச் சொந்தமான பொருள் எதுவும் வீட்டில் இருந்தால் ஒப்படைக்குமாறு அவர் மனைவிக்கு ஒரு கடிதம் தயாரானது. தபாலில் அனுப்பினால் நன்றாக இருக்காது, தெரிந்தவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் தேவலை என்று மேடம் என் கையிலேயே கொடுத்தார்.

சனிக்கிழமை காலை போனேன். அண்ணி கதவைத் திறந்தார். நாலு முறைக்கு மேல் நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. ஆனாலும் போகும்போதெல்லாம் உட்கார வைத்து ஏதாவது சாப்பிடக் கொடுக்காமல் விடமாட்டார். அன்று கதவிலேயே நின்றார்.

"என்ன விஷயம்?"

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லு. குடுக்கறேன்."

"அப்போ இங்கதான் இருக்கா?"

"இருக்கு. ஸ்டோர்காரர் வரட்டும், உங்க மேடமே வரட்டும். இந்த நிமிஷமே எடுத்துக் குடுக்கறேன்."

"என்கிட்டக் குடுத்தா என்ன அண்ணி?"

அவர் கதவை மூடப் போனார். நான் விடவில்லை. என் குரல் உயர்ந்ததும் தெரிந்தது. "ஆபீஸ் சொத்தை வீட்ல வெச்சிருக்கறது தப்பு, தெரியும்ல? இது போலீஸ் வரைக்கும் போகும்."

"போலீஸா?" அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவர் சொல்லி வெச்சிருந்தார். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஆபீஸ்லேர்ந்து யார் கேட்டு வந்தாலும் குடுத்துடு, எக்ஸ்பிரஸ் வந்தா மட்டும் குடுக்காதேன்னு. அவர் பேச்சை மீற வேணாம்னு பாத்தேன். போலீஸ்னு சொல்ற வாய்க்கு இனிமே என்ன மறைக்கறது? உள்ள வா."

பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். சன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, அதன் மேல் அடியிலிருந்து ஒளி வரும் வெள்ளைப் பலகை. மேலே கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரி மாட்டிய ஒரு பழைய கேமரா. அலமாரியில் தட்டையான பதினொரு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எண். நான் கைக்கு எட்டிய ஒரு பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு தகடு இருந்தது. ஐந்து துண்டு. துண்டும் துண்டும் முடி நுழையாத அளவுக்குப் பொருந்தியிருந்தன. அடுத்த பெட்டி, ஏழு துண்டு. அடுத்தது மூன்று. எல்லாமே உடைந்தவை. எல்லாமே பொருத்தப்பட்டவை. கடைசியாக 212. ஏதோ ஆலைத் தொழிலாளிகள் அறுபது பேர் வரிசையாக நிற்கிற படம். இருபத்துமூன்று துண்டு. பாதி பொருத்தி, பாதி சின்னச் சின்ன உறைகளில் இருந்தது.

"அந்தக் கண்ணாடியெல்லாம் தாடிக்காரர் அறுத்துக் குடுத்தது" என்றார் அண்ணி. "ஞாயித்துக்கிழமை ஆனா இந்த ரூம்ல போய் உக்காந்துடுவார். பன்னெண்டு வருஷம். எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னா, இன்னும் நாலுதான் பாக்கி, இன்னும் ரெண்டுதான் பாக்கிம்பார்."

"எப்படி உடைஞ்சுது?"

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். முதல் பக்கத்தில் அதே அச்சுக் கையெழுத்து.

"மகள் திருமணத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள். 212 முதல் 260 வரை ஒரே அடுக்காகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. நிமிர்த்தி வைப்பதற்காக எடுத்தபோது கீழே இருந்த பதினொன்றும் பாரம் தாங்காமல் உடைந்திருப்பதைக் கண்டேன்."

அதற்கு மேல் நான் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மகளின் திருமணத்துக்காக அவர் பத்து நாள் லீவில் போயிருந்தார். அந்தப் பத்து நாளும் குளிரறைச் சாவி என்னிடம் இருந்தது. அந்த ஸ்டுடியோவின் மரப்பெட்டிகள் வந்து இறங்கியபோது நான் ஒருத்திதான் இருந்தேன். அலமாரித் தட்டு குறுகலாக இருந்தது. நிமிர்த்தி வைத்தால் இடம் போதாது. படுக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, பெட்டியில் இருந்த எண் வரிசையிலேயே கடகடவென்று அடுக்கிவிட்டு, ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன். கண்ணாடித் தகட்டை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் கல்யாண ஆல்பம் அடிக்கிற இடத்தில் கணினி வேலை பார்த்துவிட்டு வந்தவள். சுவரில் இருப்பதையெல்லாம் நின்று படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு மூன்று பக்கம். எந்தத் துண்டு எந்த ஞாயிறு சேர்ந்தது என்பதுவரை இருந்தது. என் பெயரோ, எக்ஸ்பிரஸ் என்கிற வார்த்தையோ ஓரிடத்திலும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி நின்றுகொண்டே பேசினார்.

"அப்ப நீ கான்ட்ராக்ட்ல இருந்த. அந்த மாசம்தான் உன் வேலையைப் புதுப்பிக்கறதா வேணாமான்னு முடிவு. அப்ப இருந்த இயக்குநர் ஒரு மாதிரியான ஆளாம். இது தெரிஞ்சா மறுநாளே அனுப்பிடுவார்னார். நீயும் அப்பதான் தனியா வந்து நின்ன, கைக்குழந்தையோட."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

"ஒத்துக்குவேன்னுதான் சொல்லல. நேரா அந்த ஆள்கிட்டப் போய் நின்னுடுவா, அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்னார்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது முதலில் கோபம். என் தவறை என்னிடமிருந்தே ஒளித்து வைக்க இவர் யார்? நான் செய்ததை நான் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குப் பிறகுதான் சாவியும், குளிரும், நான் போடாத தும்மலும் ஒவ்வொன்றாக உறைத்தன. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, அந்த வாரம்தான் அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பெட்டிகளை அண்ணியும் நானுமாகக் காரில் ஏற்றினோம். 219-ஐத் திறந்து பார்த்தபோது ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. குளிரறையில் இருந்திருந்தால் அது வந்திருக்காது. படத்திலிருந்த ஒரு பெண்ணின் தோளும் கையும் போய்விட்டன. அதையும் சொல்லியாக வேண்டும். ஆபீஸ் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனது தவறு. என் பொருட்டுச் செய்ததால் அது சரியாகிவிடாது.

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் 212-ன் பெட்டியை மூடி வைத்தார்.

"பொருள் வந்துடுச்சு. இதோட விட்டுடலாமே" என்றார். "உடைஞ்சதைச் சரிபண்ண எடுத்துட்டுப் போனார்னு சொல்லிக்கலாம். உங்க பேர் எதுக்கு?"

"அவர் திருடிட்டார்னு ஆபீஸ் முழுக்க பேசினாங்க மேடம். அதுக்குக் காரணம் நான். இப்ப என் பேர் மட்டும் எதுக்குன்னா எப்படி?"

பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அவருடைய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே நடந்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் விதிப்படி எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பன்னிரண்டு வருடம் தாமதமாக வந்த கடிதம். குளிரறைக்கு அவர் பெயர் வைப்பதை மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தகடுகளை வெளியே கொண்டுபோனவர் பெயரைத் தகடு வைக்கும் அறைக்கு எப்படி வைப்பது என்று கேட்டார்களாம். கேட்டதில் தப்பும் சொல்ல முடியவில்லை.

கூட்டம் மட்டும் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்பார்கள். தாடிக்காரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டுப் பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம்தான் எழுதியிருந்தேன். அதில் அவருடைய வேலையைப் பற்றி ஒரு பக்கம், மீதி இந்தப் பதினொரு தகடுகளைப் பற்றி. 219-ன் பூஞ்சையையும் விடவில்லை. நான் மேடத்திடம் போய்ச் சொன்னபோது எனக்குள் இருந்த திருப்தியையும் விடவில்லை. அந்த இடத்தையும் படித்தேன். யாரும் கைதட்டவில்லை. ஸ்டோர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஆபீஸில் என்னைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. நான் குளிரறைக்குள் போனால் யாராவது ஒருவர் வேலையிருப்பது போல் பின்னாலேயே வருகிறார். நானே பத்து நாள் ஒருவரை அப்படிப் பார்த்தவள்தான்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணி என் மேஜைக்கு வந்தார். பக்கத்து மேஜையை ஒரு முறை பார்த்தார். அதில் இப்போது வேறு ஒருவருடைய சாமான்கள்.

"நீ இப்படி எல்லார் முன்னாடியும் படிச்சது அவருக்குப் பிடிச்சிருக்காது" என்றார்.

"தெரியும் அண்ணி."

"எனக்குப் பிடிச்சுது" என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அந்த இருபத்துமூணு துண்டுல இன்னும் எத்தனை பாக்கி?"

"பதினொண்ணு. இனிமே நான்தான் பொருத்தப் போறேன்."

"அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.